மாரியில் காயாத ஜேர்சி

நான் உதைபந்தாட்டக்காரன். இங்கே அப்படிச் சொன்னால் எந்த இடத்தில் விளையாடினாய், முன்னுக்கா பின்னுக்கா என்று கேட்பார்கள். என்ன சொன்னாலும் பிழையாகத்தான் போகும். நான் விளையாடியது வேறு ஆட்டம். பந்து உருண்டை இல்லை, உரிக்காத தேங்காய் மாதிரி இருக்கும். காலால் உதைக்கலாம். கையால் பிடிக்கலாம். மற்றவன் முதுகில் ஏறியும் பிடிக்கலாம், அதில் குற்றமில்லை. அவுஸ்திரேலியாவில் சனிக்கிழமை வந்தால் சனம் வேறு கதை கதைக்காது.

நாங்கள் பறங்கியர், போர்த்துக்கேயர் வழிவந்த சனம். மட்டக்களப்பில் முகத்துவாரத்துக்குக் கிட்ட, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற மணல் துண்டில் வீடு. அப்பா தச்சுவேலை. எனக்குப் படிப்பு ஏறவில்லை. ஏழாம் வகுப்போடு நின்று அப்பாவோடு சீவுளி பிடித்தேன். மீசை அரும்புகிற வயதில் அம்மாவின் தம்பி என்னை மெல்பேர்னுக்குக் கூப்பிட்டார். போனேன்.

மாமாவுக்கு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. என்னையும் அங்கே சேர்த்துவிட்டார். எலும்பு ஏற்றுகிற பகுதி. எனக்குப் பாஷை வராது. மத்தியானம் மற்றவர்கள் முற்றத்தில் பந்து அடிப்பார்கள். நான் மதிலோரம் இருந்து பாண் சாப்பிடுவேன். ஒருநாள் பந்து என் பக்கம் உயர வந்தது. பாணைப் போட்டுவிட்டு எழும்பிப் பிடித்தேன். கீழே வந்தபோது எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவன் ஏதோ சொன்னான். விளங்கவில்லை. பந்தைத் திருப்பி எறிந்தேன். அவன் இன்னும் உயர உதைத்தான். அதையும் பிடித்தேன். மணி அடிக்கும்வரை அதுதான் நடந்தது.

அந்தச் சனிக்கிழமையே தங்கள் அணிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

எனக்கு ஓட்டம் பெரிதாக இல்லை. உதையும் கோணல். எழும்பிப் பிடிப்பது மட்டும் வரும். உருண்டைப் பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று சொல்லலாம். இந்தப் பந்து நிலத்தில் பட்டால் எங்கே போகும் என்று ஆண்டவருக்கும் தெரியாது. ஆகவே நிலத்தில் பட விடக்கூடாது. ஆட்டத்தில் நான் படித்தது அவ்வளவுதான். அதை வைத்தே பெரிய அணிவரைக்கும் போனேன். முதலில் அதன் இரண்டாம் வரிசையில் விளையாடினேன். பிறகு முதல் வரிசையில் சில ஆட்டங்கள். விரல்விட்டு எண்ணிவிடலாம்.

வேலியோரம் ஒரு கிழவன் நிற்பான். சிலோன்காரன் என்று ஒவ்வொரு கிழமையும் என்னைப் பார்த்து ஒரே கத்தல். "ஏய் தேயிலைப்பெட்டி, கப்பல் வந்திட்டுது, ஏறு!" ஒருநாள் மற்ற அணிக்காரன் ஒருவன், என்னைவிட ஒரு முழம் உயரம், அவனுடைய தோளில் முழங்காலை ஊன்றி ஏறிப் பந்தைப் பிடித்தேன். சனத்தின் சத்தம் கீழே இருந்து மேலே வந்தது. அது எனக்கு இன்னும் காதில் கிடக்கிறது. அன்றைக்கு அந்தக் கிழவன்தான் முதலில் தொப்பியைக் கழற்றி எறிந்தான். அடுத்த கிழமை பழையபடி கப்பல் வந்தது.

அதே போல் இன்னொரு முறை ஏறினபோது கால் சிக்கிக்கொண்டது. முழங்காலில் விறகு முறிகிற சத்தம். வெட்டித் தைத்தார்கள். நடக்கலாம், ஏறக்கூடாது என்றார்கள். பயிற்றுநர் ஆசுபத்திரிக்கு வந்து முந்திரிகைப் பழக் குலை ஒன்று வைத்தார். போகும்போது, "ஜேர்சியை நீயே வைத்துக்கொள்" என்றார். அதோடு முடிந்தது என்று விளங்கிற்று.

அம்மாவுக்குக் கடுமை என்று தந்தி வந்தது. அப்பா அப்போது இல்லை. வந்தேன். அம்மா உடனே போகவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் படுக்கையில் கிடந்துதான் போனா. திரும்பிப் போகிற டிக்கட் என்னிடம் இருந்தது, அதன் திகதி முடிந்திருந்தது. நாட்டில் சண்டை. அப்பாவின் தச்சு ஆயுதங்கள் பெட்டியில் இருந்தன. எடுத்து எண்ணெய் போட்டேன்.

அவுஸ்திரேலியாவில் உதைபந்து விளையாடினவன் வந்திருக்கிறான் என்று கதை பரவிவிட்டது. தன்னாமுனையில் ஒரு திருநாள் ஆட்டம். என்னை இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினார்கள். முழங்கால் நொண்டி என்று சொன்னேன், கேட்கவில்லை. "சும்மா நில்லுங்க மச்சான், உங்களக் கண்டாலே அவனுகளுக்குக் கால் நடுங்கும்." நின்றேன். கன நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு பந்து உயர வந்தது. எனக்கு முன்னால் ஒருவன் நின்றான். அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை. அவன் முதுகில் நல்ல காலை வைத்து ஏறி, இரண்டு கையாலும் பந்தைப் பிடித்து, நெஞ்சில் அணைத்துக்கொண்டு கீழே வந்தேன்.

எல்லோரும் நின்ற இடத்தில் நின்றார்கள். பிறகு சிரிப்பு. மத்தியஸ்தர் விசிலை வாயில் வைத்தபடி ஊத மறந்து நின்றார். நான் ஏறின பையன் தரையில் இருந்து கேட்டான், "அண்ணே, நான் என்ன தென்னை மரமா?"

வேலிக்கு அங்கால் நின்ற பெண்களில் ஒருத்தி கத்தினாள், "எங்கட ஊருக்கு ரெண்டு கோல் கீப்பர், எழுதிக்கொள்ளுங்க!"

அவளைத்தான் கலியாணம் முடித்தேன்.

மற்றவர்கள் அந்தக் கதையை வருடக்கணக்காய்ச் சொல்லிச் சிரித்தார்கள். அவள் மட்டும்தான் கேட்டாள். கலியாணம் முடித்த கிழமை, முற்றத்தில் கிடந்த தேங்காயை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இஞ்ச பாருங்க. அண்டைக்கு ஏன் அப்பிடிச் செய்தீங்க?"

"அங்க அப்பிடித்தான்."

"அப்ப காட்டுங்க. எறியட்டா?"

எறிந்தாள். பிடித்தேன். உரிக்காத தேங்காய், நெஞ்சு நொந்தது. அதற்குப் பிறகு பின்னேரங்களில் அது எங்களுக்குப் பழகிவிட்டது. அவள் கடற்கரைப் பக்கம் நின்று எறிவாள், நான் வாவிப் பக்கம் நின்று பிடிப்பேன். நான் தவறவிட்டால், "கப்பல் வந்திட்டு, ஏறுங்க," என்று கத்துவாள். அயலார் எங்களுக்கு விசர் என்றார்கள். கிழவன், தொப்பி, கீழே இருந்து வந்த சத்தம் எல்லாம் அவளிடம்தான் சொன்னேன். அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. போகப் போக அவள்தான் அதை என்னைவிட நன்றாகச் சொன்னாள். அவள் சொல்லும்போது அந்த உயரமானவன் இன்னும் ஒரு முழம் வளர்ந்திருப்பான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் கதைக்க அது இருந்தது.

ஜேர்சி அவளுடையதாகிவிட்டது. பச்சையும் வெள்ளையும் கோடு போட்ட தடித்த கம்பளி. கை இல்லை. முதுகில் முப்பத்துநாலு. மாரி காலத்து விடியலில் கடல் காற்றுக்கு அதைச் சட்டைக்கு மேல் போட்டுக்கொண்டு முற்றம் கூட்டுவாள். ஒரே ஒரு கரைச்சல், அதைக் கழுவினால் காயாது. மாரியில் நாலைந்து நாள் கொடியில் கிடக்கும்.

கொடிக்குக் கிளிப்பு நான்தான் செய்து கொடுத்தேன். கடையில் வாங்குகிறது உப்புக் காற்றில் கறள் பிடித்துவிடும். வேப்பங்கட்டையைச் சீவி நடுவில் பிளந்து கம்பியில் இறுக்கி இறக்கினால் எந்தக் காற்றுக்கும் அசையாது. கழற்றத்தான் பாடு.

"உடுப்புக் காயப்போடக் கிளிப்புக் கேட்டா, ஆணியெல்லோ அடிச்சித் தந்திரிக்கீங்க," என்பாள்.

சுனாமி வந்தது நத்தாருக்கு மறுநாள். ஞாயிற்றுக்கிழமை. பூசைக்கு நான் மட்டும் பாலம் கடந்து புளியந்தீவுக்குப் போனேன். அவள் நத்தார்ப் பூசை கண்டவள், வீட்டில் நின்றுகொண்டாள். நான் வெளிக்கிடும்போது அவள் உள்ளே அடுப்படியில். "வரக்குள்ள பாண் வாங்கிட்டு வாங்க," என்று சத்தம் மட்டும் வந்தது. நான் எட்டிப் பார்க்கவில்லை.

பாணோடு திரும்பும்போது பாலத்தில் சனம் எதிரே ஓடி வந்தது. நான் மறுபக்கம் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. வீடு இல்லை. அத்திவாரமும் கிணற்றுக் கட்டும் இருந்தன. பாண் கையில் இருந்தது.

ஆசுபத்திரியில் பார்த்தேன். பள்ளிக்கூடங்களில் பார்த்தேன். வாவியில் இருந்து எடுத்தவர்களை வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள், ஒவ்வொருவராகப் பார்த்தேன். அவள் இல்லை. கண்டவர்களிடமெல்லாம் கேட்டேன், கையில்லாத பச்சைக்கோட்டு ஜேர்சி, முதுகில் முப்பத்துநாலு. மாரிக் காலமை. அதைத்தான் போட்டிருப்பாள்.

கூடாரம் கொடுக்க வெளிநாட்டுப் பொடியன்கள் வந்தார்கள். ஒருவன் அவுஸ்திரேலியன், மெல்பேர்ன் என்றான். நான் விளையாடின அணியைச் சொன்னேன். அவன் என் சாரத்தைப் பார்த்தான், காலைப் பார்த்தான், பிறகு கனிவாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நம்பாதவன்தான் சிரிப்பான். நான் கூடாரத்துக்கு இன்னும் இரண்டு முளை கேட்டேன். கொடுத்தான்.

சில மாதம் கழித்து, மரம் ஏற்றுகிற லொறிக்காரர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். முந்தி எங்கள் ஒழுங்கையில் இருந்தவர். எங்கள் கொடியில் கிடக்கிற ஜேர்சி அவருக்குத் தெரியும்.

"செங்கலடியில வச்சுக் கண்டன். கறுத்தப் பாலத்துக்கு அங்கால போற மிசின்ல ஒரு பொம்புள. உங்கட அந்தச் சட்டதான். முப்பத்துநாலு."

"முகம்?"

"முதுகத்தான் கண்டன். மிசின் போயிட்டு."

உழவு மிசினை இங்கே மிசின் என்றுதான் சொல்வோம். பாலத்துக்கு அங்கால் அப்போது ஆமியின் பகுதி இல்லை, இயக்கத்தின் பகுதி. வயல்வெளிகள். தலையில் அடிபட்டு நினைவில்லாமல் யாரோ வீட்டில் நிற்கிறாள் என்று நினைத்தேன். அப்படிக் கதைகள் எத்தனையோ அந்த நேரம் இருந்தன. ஒருமுறை அங்கால் போய்க் கேட்டேன். கடலடியில் இருந்து வந்தவர்கள் சிலர் உள்ளுக்கு இருக்கிறார்கள் என்றார்கள். எந்த இடம் என்று தெரியவில்லை. மறுமுறை போவதற்குள் சண்டை தொடங்கிவிட்டது. பாதை பூட்டு.

நான் செங்கலடிக்கே போய்விட்டேன். சந்திக்குக் கிட்ட ஒரு மரக்காலையில் வேலை கிடைத்தது. அங்கேயே பலகைகளுக்குப் பின்னால் படுக்கை. அங்காலிருந்து சனம் வந்தால் அந்தச் சந்தியால்தான் வரவேண்டும். வந்தது. செல்லடிக்கு ஓடி மூட்டை முடிச்சோடு வந்தது. நான் வேலையை வைத்துவிட்டு றோட்டில் நின்று முதுகுகளைப் பார்த்தேன். முகாம்களிலும் பார்த்தேன். வெயில் காலம். வெயிலில் யார் கம்பளி போடுவார்? இருந்தும் பார்த்தேன். பிறகு அந்தச் சனத்தைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போய் அவர்களுடைய இடங்களில் விட்டார்கள். உள்ளுக்குப் போக வெளியாளுக்கு அனுமதி இல்லை.

நவம்பர் மாதம் மரித்தவர்களுக்குப் பூசை வைப்பார்கள். யார் யாருக்கு என்று கோயில் மூப்பரிடம் பெயர் கொடுக்க வேண்டும். ஃபாதர் பீடத்தில் நின்று வாசிப்பார். அந்தப் பூசைக்கு நான் புளியந்தீவுக்கு வருவேன். அப்பாவின் பெயரும் அம்மாவின் பெயரும் கொடுப்பேன். முழங்கால் மடியாது, ஆகவே எல்லோரும் முழந்தாளிடும்போது நான் வாங்கில் இருந்தபடியே இருப்பேன். மூப்பருக்கு அது பிடிக்காது.

"அவுஸ்திரேலியாக்காரர், ஆண்டவருக்கு முன்னாலயும் கதிரையா?" என்பார். பிறகு குரலைத் தணித்து, "இந்த முறை மற்றப் பேரையும் எழுதட்டா?"

"இல்ல."

அடுத்த வருடமும் கேட்பார். அதே பதில்.

சண்டை முழுதாக முடிந்தது என்று வானொலியில் சொன்ன அன்று சந்தியில் வெடி கொளுத்தினார்கள். பாற்சோறு கொடுத்தார்கள். ஒரு துண்டு என் கையிலும் வைத்தார்கள். மரக்காலையில் மற்றவர்கள் பலகை அரிகிற வாளை இழுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பாதை எப்போது திறக்கும் என்று யோசித்தேன். எனக்கு வேறு யோசனை இல்லை.

திறந்தார்கள். நான் உடனே போகவில்லை, மழை வரட்டும், அப்போதுதான் கம்பளி வெளியில் வரும் என்று இருந்தேன். மழை தொடங்கி, விதைப்பும் முடிந்தது. குருவி கலைக்கிற காலம். சைக்கிளை எடுத்துக்கொண்டு விடிய வெளிக்கிட்டேன். ஒவ்வொரு வட்டையாகப் போனேன். வட்டை என்றால் பெரிய வயல் பரப்பு, ஒரு கரையில் நின்றால் மற்றக் கரை புகாராகத் தெரியும். பல காலை போய் வெறுங்கையோடு வந்தேன்.

ஒருநாள் தூறல். வரம்பில் ஒரு பெண் எனக்கு முதுகு காட்டிக்கொண்டு தகரம் தட்டிக்கொண்டு போனாள். பச்சைக் கோடு வெளிறிப் போயிருந்தது. நாலு பாதி கழன்றிருந்தது. மூன்று நன்றாகத் தெரிந்தது.

சைக்கிளைப் போட்டுவிட்டு வரம்பில் இறங்கினேன். அவள் பெயரைக் கூப்பிட்டேன். தகரச் சத்தத்தில் கேட்கவில்லை. இன்னும் கிட்டப் போனேன். மறுபடி கூப்பிட வாயெடுத்தேன், கூப்பிடவில்லை. நடை வேறு.

அந்தப் பெண் திரும்பினாள். என் வயது இருக்கும்.

"ஆரு? என்ன வேணும்?"

"அந்த ஜேர்சி."

ஒரு கையால் நெஞ்சைப் பொத்திக்கொண்டாள். "இது களவெடுத்த சாமான் இல்ல, அண்ணே."

"எங்க கிடைச்சது?"

அவள் தகரத்தைக் கீழே வைத்தாள். "கடல் வந்த அண்டைக்கு நானும் அங்கதான். தங்கச்சிட ஊட்ட போயிருந்தன். அலை அள்ளிக்கொண்டு போய் வாவிக்குள்ள எறிஞ்சி போட்டு. உடம்பில ஒரு நூல் இல்ல. கண்டல் மரத்தப் பிடிச்சிக்கொண்டு கிடந்தன். பக்கத்துக் கொப்பில இது தொங்கிச்சி. கம்பியோட."

"என்ன கம்பி?"

"கொடிக்கம்பி. தோள்மூட்டில ரெண்டு மரத்துண்டு கவ்விக்கொண்டு கிடந்த. இழுத்தன், வரல்ல. ஆணி அடிச்ச மாதிரி. மறுகா பல்லால கடிச்சித்தான் கழட்டின."

நத்தாருக்கு முன்னால் என் பெண்சாதி வீட்டில் இருந்த துணியெல்லாம் கழுவினாள். மாரி. அது காய்ந்திருக்காது. கொடியில்தான் கிடந்திருக்கிறது. அவள் அன்றைக்கு அதைப் போடவில்லை. மிசினில் போனது இந்தப் பெண். தொடக்கத்தில் இருந்தே இந்தப் பெண்தான். நான் இத்தனை வருடம் தேடினது கொடியில் காயாமல் கிடந்த ஒரு துணி.

மழை கொஞ்சம் கூடியது. நாங்கள் இரண்டு பேரும் வரம்பில் நின்றோம்.

"உங்கடயா?" என்று கேட்டாள்.

"ஓம்."

"முதுகில என்ன நம்பர்? லொத்தரா?"

"விளையாடின நம்பர். பந்து."

"வெண்டீங்களா?"

"சில நேரம்."

அவள் சிரித்தாள். முன்பல்லில் ஒன்று இல்லை. பிறகு என்னை வடிவாகப் பார்த்துவிட்டுச் சிரிப்பை விட்டாள்.

"ஆரத் தேடி வந்தீங்க?"

"பெஞ்சாதி."

அவள் ஜேர்சியைத் தலைக்கு மேலால் கழற்றத் தொடங்கினாள். உள்ளே மெல்லிய சட்டை. கை மயிர் குத்திட்டு நின்றது.

"வேணா," என்றேன். "குளிருது. போடுங்க."

"உங்கட பொருளெல்லோ."

"கழுவினா வெயில்ல போடுங்க. மழைக்குக் காயாது."

"தெரியும்," என்றாள். "நாலு நாள் எடுக்கும்." பிறகு, "தங்கச்சிய நானும் காணல்ல, அண்ணே," என்றாள்.  அவள் தகரத்தை எடுத்தாள். குருவிகள் மற்றப் பக்கம் இறங்கியிருந்தன.

சைக்கிளுக்குத் திரும்பி வர நேரம் எடுத்தது. வரம்பு வழுக்கல்.

அந்த நவம்பரில் மூப்பரிடம் மூன்று பெயர் கொடுத்தேன். அவர் மூன்றாவதைக் கேட்டுவிட்டுத் தலையை நிமிர்த்தினார். பகிடி விடவில்லை. எப்போது என்று கேட்டார். "சுனாமியில," என்றேன். எழுதினார்.

ஃபாதர் வாசித்தார். கன பெயர். அப்பா வந்தார், அம்மா வந்தா. அவளுடையது கடைசிப் பக்கம். அது வந்தபோது நான் வாங்கைப் பிடித்து, நல்ல காலை முதலில் இறக்கி, மற்றதையும் இறக்கினேன். முழங்காலில் பழைய சத்தம் கேட்டது. பூசை முடிந்து சனம் மெழுகுதிரியோடு சேமக்காலைக் கல்லறைகளுக்குப் போனது. அவளுக்கு அங்கே இடமில்லை. நான் முழந்தாளில் அப்படியே நின்றேன். எழும்பவும் முடியவில்லை.

மூப்பர் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தார். எனக்குப் பக்கத்தில் நின்றார்.

"அவுஸ்திரேலியாக்காரர், எழும்புங்க. கதவு பூட்டப் போறன்."

"ஏலாது."

அவர் விளக்கு அணைக்கிற தடியை வாங்கில் சாத்திவிட்டு, இரண்டு கையையும் என் கக்கத்துக்குள் கொடுத்துத் தூக்கினார்.